எனக்கு மட்டும் மணக்காத செண்ட்

"சார், தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பிக்கிற பேச்சு நல்லபடியாக முடிந்ததாக எனக்கு நினைவில்லை. அலுவலகத்தில் எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்காருகிற பெண் ஒருநாள் அப்படித்தான் ஆரம்பித்தார். "நீங்க லிஃப்ட்ல போய் அஞ்சு நிமிஷம் கழிச்சு நான் ஏறினாக்கூட நீங்க போனது தெரியுது. எனக்கு ஒத்தைத் தலைவலி இருக்கு. கொஞ்சம் குறைச்சுக்கிட்டா நல்லாயிருக்கும்."

வெட்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது ஆச்சரியம். அந்த மூன்று வாரமும் நான் வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தது இதற்கு நேர் எதிராக. இவ்வளவு காசு கொட்டி வாங்கிய பெர்ஃப்யூம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லையே, ஏமாந்துவிட்டேனே என்று. நிற்கவில்லை என்று நினைத்ததால் நான்கு அடித்தது ஆறாயிற்று, ஆறு ஒன்பதாயிற்று. அன்று காலையும் ஒன்பதுதான். கழுத்தின் இரண்டு பக்கம், நெஞ்சு, மணிக்கட்டு, சட்டைக் காலர், மிச்சத்தைக் காற்றில் அடித்து அதற்குள் ஒரு நடை.

தமிழில் மணம் என்று ஒரு சொல் இருக்கிறது, நெடி என்று ஒரு சொல் இருக்கிறது. நான் மணம் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு போனது அந்த அம்மாவுக்கு நெடி. பாட்டில் ஒன்றுதான், எண்ணிக்கைதான் வேறு.

அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டேன். "என்னங்க, நான் எத்தனை தடவை சொன்னேன், நீங்கதான் இல்லவே இல்லைன்னீங்க" என்றாள். உண்மைதான். அவள் சொன்னாள், என் மூக்கு இல்லை என்றது, என் மூக்கை நம்பினேன். அது என் மூக்காயிற்றே.

விஷயம் இதுதான். மாறிக்கொண்டே இருப்பதைத்தான் மூக்கு சொல்லும். மாறாமல் இருப்பதைக் கொஞ்ச நேரத்தில் கழித்துவிடும். பத்து நாள் வெளியூர் போய்விட்டு வந்து கதவைத் திறக்கும்போது நம் வீட்டுக்கென்று ஒரு வாசனை இருப்பது ஒரு நிமிடம் தெரியும், அப்புறம் மறைந்துவிடும் இல்லையா, அதேதான். கழுத்தில் அடித்துக்கொண்டால் மூக்குக்குக் கீழே நாள் முழுக்க ஒரே வாசனை ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. இருபது நிமிடத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்திவிடுகிறது. எதிரில் வருகிறவருக்கு அது புதிது, அதனால் முழுசாக அடிக்கிறது.

என் விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. அது தெரியவர ஒரு மாதம் ஆயிற்று. இப்போது வருகிற பெர்ஃப்யூம்கள் பலவற்றில் அடியில் நின்று தாங்குவது பெரிய மூலக்கூறுகள்: செயற்கைக் கஸ்தூரிகள், அம்ப்ராக்ஸான், ஐசோ ஈ சூப்பர் போன்றவை. கனமானவை என்பதால் மெதுவாக ஆவியாகும், மணிக்கணக்கில் நிற்கும். ஆனால் எல்லா மூக்குக்கும் எல்லாம் எட்டாது. கஸ்தூரி வகைகளில் ஒன்று சிலருக்குச் சுத்தமாகத் தெரியாது, அதே ஆளுக்கு இன்னொன்று நன்றாகத் தெரியும். 2006-இல் வந்த மாலிக்யூல் 01 என்ற பெர்ஃப்யூமில் ஐசோ ஈ சூப்பர் என்ற ஒரே வாசனைப் பொருள்தான். அதைப் போட்டுக்கொள்கிறவர்கள் 'வருது, போகுது, திரும்ப வருது' என்பார்கள். சிலருக்கு வருவதே இல்லை.

எனக்குச் சந்தேகம் வந்து வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தோம். மூன்று காகிதப் பட்டை. ஒன்றில் மட்டும் அந்தப் பெர்ஃப்யூமைக் காலையில் அடித்துக் காயவிட்டு, ஏழு மணி நேரம் கழித்து மூன்றையும் மனைவி கலைத்து வைத்தாள். நான் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் ஒட்டாத குறையாக முகர்ந்தேன். மூன்றும் காகிதம். திரும்ப முகர்ந்தேன். மூன்றும் காகிதம்தான். பட்டைகளை நான் கலைத்துக் கொடுத்தபோது அவள் கையில்கூட எடுக்கவில்லை, மேசைக்கு மேல் லேசாகக் குனிந்தாள். "நடுவுல இருக்கிறது. துவைச்சு வெயில்ல காயப்போட்ட துணி மாதிரி, கொஞ்சம் இனிப்பா." துணிச்சோப்புத் தூளிலும் இந்தக் கஸ்தூரி வகைகள் நிறையப் போகின்றன, ஆக அவள் சொன்னது உவமை மட்டுமில்லை.

அதாவது நான் வாங்கிய பெர்ஃப்யூமின் கடைசி அடுக்கு, மணிக்கணக்கில் நிற்கிற அந்தப் பகுதி, எனக்குத் தெரியவே தெரியாது. என் காசில் ஊர் முகர்ந்துகொண்டிருந்தது.

இனி அதை எப்படி வாங்கினேன் என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் அசிங்கமான கதை. விமானத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது. கண்ணாடியும் வெளிச்சமுமாக ஒரு செண்ட் கவுண்டர். வரிசையாக ஏழு பட்டைகளை முகர்ந்தேன். நாலாவதிலேயே மூக்கு குழம்பிவிட்டது. கவுண்டரில் இருந்த தம்பி ஒரு ஜாடிக் காபிக் கொட்டையை நீட்டி, "இதை மோந்துக்குங்க சார், மூக்கு ரீசெட் ஆயிடும்" என்றார். ஆகாது. காபிக் கொட்டையை வைத்துச் சோதித்துப் பார்த்தவர்கள் அது வெறும் காற்றைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை என்று கண்டிருக்கிறார்கள். முகர்வதை நிறுத்திவிட்டு வெளியே போய் ஒரு நடை நடந்து வருவதுதான் வழி. அவசரமென்றால் செண்ட் படாத இடமாகப் பார்த்து நம் முழங்கை மடிப்பையே முகர்ந்துகொள்ளலாம். அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏழாவது பட்டை பெர்கமாட்டும் மிளகுமாகச் சிலீரென்று ஏறியது. கதவு மூடுவதற்குள் கார்டைத் தேய்த்துவிட்டேன்.

அந்தச் சிலீர்தான் பொறி. பெர்கமாட், எலுமிச்சை மாதிரிப் பழத்தோல் எண்ணெய்களின் மூலக்கூறுகள் சின்னவை. முதலில் பறப்பவை அவைதான். பத்து நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். அதற்குப் பிறகு பூக்களும் மசாலாவும் சில மணி நேரம். மரம், பிசின், வனிலா, கஸ்தூரி எல்லாம் கடைசியில். கடையில் நாம் முடிவெடுக்கிற நேரம் முதல் அடுக்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. நாம் வாங்குவது பத்து நிமிடத்தை. வீட்டுக்கு வருவது மிச்சமிருக்கிற எட்டு மணி நேரம்.

அந்தத் தம்பி இன்னொன்றும் சொன்னார்: "இதுல எல்லாமே ஒரிஜினல் பூ சார், கெமிக்கலே கிடையாது." அதைக் கேட்டு எனக்கு ஒரு நிம்மதி வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். விலை கூடினால் இயற்கை கூடும் என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. பிறகு படித்துப் பார்த்தால் கதையே வேறு. நவீன பெர்ஃப்யூம் என்று நாம் சொல்வதன் தொடக்கமே ஆய்வகத்தில்தான். 1882-இல் ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்ட ஃபூஜேர் ரோயால் என்ற பெர்ஃப்யூமில், காய்ந்த புல் மணம் தருகிற கூமரின் செயற்கையாகச் செய்யப்பட்டு இருந்தது. 1889-இல் கெர்லான் நிறுவனத்தின் ஜிக்கியில் கூமரினோடு வனிலா மணம் தருகிற வனிலினும் சேர்ந்தது. 1921-இல் எர்னஸ்ட் போ செய்த ஷனேல் நம்பர் 5-க்கு அந்தப் பளபளப்பைக் கொடுத்தது ஆல்டிஹைடுகள் என்ற செயற்கைப் பொருள்கள். 1966-இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா டியோருக்குச் செய்த ஓ சோவாஜ் காற்றோட்டமாக மணப்பதற்கு ஹெடியோன் என்ற மூலக்கூறு ஒரு காரணம். இவை எல்லாம் மலிவுச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது. முகே என்று பெட்டிகளில் அச்சிடுகிறார்களே, அந்தச் சின்ன வெள்ளை மணிப்பூவிலிருந்து வாசனைத் தொழிலுக்கு உதவுகிற மாதிரி எண்ணெய் கிடைப்பதே இல்லை. முகே மணம் என்று நாம் முகர்வது பெர்ஃப்யூம் செய்பவர் வேறு பொருள்களை வைத்துக் கட்டியது.

அதற்காக இயற்கைப் பொருள் மலிவு என்றும் இல்லை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று, நான்கு டன் பூ வேண்டும். ஐரிஸ் என்று போட்டிருப்பது பூவே இல்லை, கிழங்கு. தோண்டித் தோலுரித்துக் காயவைத்து ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால்தான் அதற்குள் அந்த முகப்பவுடர் போன்ற மணம் உருவாகும். ஊத் என்கிற அகில், மரத்தில் பூஞ்சை பிடித்து அதைத் தடுக்க மரம் சுரக்கிற பிசின். இதெல்லாம் உண்மையாகவே ஒரு பாட்டிலுக்குள் கணிசமாகப் போயிருந்தால் விலை ஏறுவது நியாயம். ஆனால் பெட்டியில் எழுதியிருக்கிற ரோஜா, அகில், ஐரிஸ் என்கிற பட்டியல் உட்பொருள் பட்டியல் இல்லை. இப்படி மணக்கும் என்கிற வர்ணனை. அதை வைத்து எத்தனை சொட்டு ரோஜா என்று கணக்குப் போட முடியாது. கொடுக்கிற காசில் பெரும்பகுதி திரவத்துக்குப் போவதில்லை. கண்ணாடி, பெட்டி, விளம்பரம், கடை வாடகை, பெயர் என்று பங்கு பிரிகிறது. இது தெரிந்த பிறகும் என் பாட்டிலின் காந்த மூடி 'டக்'கென்று உட்காருகிற சத்தம் எனக்குப் பிடிக்கும். அதற்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன் என்று தெரிந்தே கொடுத்தால் அது ஏமாற்றம் இல்லை.

இப்போது நான் வாங்குகிற முறை வேறு. முதலில் 2 மில்லி குப்பி. சில நிறுவனங்களே விற்கின்றன. இல்லையென்றால் சொந்தப் பாட்டிலிலிருந்து பிரித்துத் தருகிற நம்பகமான ஆள் யாராவது கிடைப்பார். ஒரு அழுத்தலுக்கு ஏறத்தாழ 0.1 மில்லி வரும், ஆக ஒரு குப்பியில் இருபது அழுத்தல், ஆறேழு நாள் போட்டுப் பார்க்கலாம். காகிதத்தில் அடித்துப் பார்ப்பது வேண்டாததைக் கழிக்க மட்டும். பிடித்தது என்று முடிவு செய்யத் தோல் வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுதான். மிஞ்சிப்போனால் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று.

ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். அதில் ஒரு பக்கத்தை அப்படியே தருகிறேன். "8.10: ஆரஞ்சுத் தோலைக் கிள்ளின மாதிரி. பிரமாதம். 8.40: ஆரஞ்சு போயிடுச்சு. பென்சில் சீவினது. 10.30: பென்சில்தான். 1 மணி: சாப்பிட்டுக் கை கழுவினப்புறம் தெரியலை. சட்டைல இருக்கு. 3.30: ஏதோ உலோகம், நாணயத்தைக் கையில வெச்சிருந்தா வருமே அது. 6: அதே நாணயம். அவளுக்கும் நாணயம்தானாம். மறுநாள் காலை, சட்டை: அருமையான மரம்." இதை மூன்று நாள் திரும்பத் திரும்பப் போட்டும் மத்தியான நாணயம் போகவில்லை. எல்லோரும் கொண்டாடுகிற பெர்ஃப்யூம் அது. மறுநாள் சட்டையில் வருகிற மரத்துக்காக மத்தியானம் முழுக்க நாணயத்தைச் சகித்துக்கொள்ள எனக்கு மனசில்லை. வாங்கவில்லை. ஒரு குப்பி விலையோடு போயிற்று.

பிடித்துவிட்டால் உடனே வாங்குவதும் இல்லை. குப்பி தீர்ந்த பிறகு ஒரு பத்து நாள் சும்மா விடுகிறேன். காலையில் குளித்துவிட்டு வரும்போது அது இல்லையே என்று தோன்றுகிறதா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் தோன்றாது. மூன்றாவது நாளே பெயர்கூட மறந்துபோனவை உண்டு. தோன்றினால் இருப்பதிலேயே சின்னப் பாட்டில். கணக்கு எளிது: 50 மில்லியில் சுமார் 500 அழுத்தல். ஒரு தடவைக்கு மூன்று என்றால் 160 தடவைக்கு மேல். வாரத்துக்கு இரண்டு நாள் போட்டால் ஒன்றரை வருஷம் தாண்டி வரும். மில்லிக்கு விலை குறைகிறதே என்று 100 மில்லி வாங்கினால் மூன்று வருஷம் அதே வாசனையோடு வாழ வேண்டும். (நான் தினமும் ஒன்பது அடித்துக்கொண்டிருந்த வேகத்தில் 50 மில்லி இரண்டு மாதம்கூட வந்திருக்காது.) ஒரு தடவை போட்டுக்கொள்ள என்ன ஆகிறது என்று வகுத்துப் பார்த்தால் சில விலை நியாயமாகத் தெரியும். சில விலை அப்போதும் தெரியாது. அதற்குமேல் ஒருவர் பையைப் பற்றி இன்னொருவர் சொல்ல ஒன்றுமில்லை.

ஓ ட துவாலெட், ஓ ட பர்ஃபம், எக்ஸ்ட்ரே என்று, செறிவு ஏறிக்கொண்டே போகிற வரிசையில், ஒரே பெயரில் மூன்று இருக்கும். செறிவு கூடக் கூட நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது காரம் குறைவு, காரம் அதிகம் என்பது போல ஒரே குழம்பின் அளவு வித்தியாசம் இல்லை. பல சமயம் கலவையே வேறு. ஷனேல் நம்பர் 5-இன் ஓ ட பர்ஃபம் 1986-இல் ஜாக் போல்ஜ் செய்தது. 1921-இன் மூலத்துக்கும் அதற்கும் இடையில் அறுபத்தைந்து வருஷம் இருக்கிறது. ஓ ட துவாலெட்டில் மேலடுக்குத் தூக்கலாக இருந்து பத்தடி தள்ளி மணக்கும்; எக்ஸ்ட்ரே தோலோடு ஒட்டிக்கொண்டு ரகசியம் பேசும். எது வேண்டும் என்பது போகிற இடத்தைப் பொறுத்தது.

பழைய நினைவை வைத்து வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அத்தை ஒரு பெர்ஃப்யூம் போடுவார். அதே பெயரைத் தேடி வாங்கினேன், அத்தை வரவில்லை. நான் வாங்கியது போலியோ என்று சந்தேகப்பட்டேன். இல்லை, கலவை மாறியிருந்தது. ஒவ்வாமை காரணமாகவும் பிற பாதுகாப்புக் காரணங்களாலும் சில பொருள்களுக்குக் கட்டுப்பாடு வருகிறது. ஓக்மாஸ் என்கிற, மரத்தில் படர்கிற லைக்கன் (கற்பாசி) வகையின் சாற்றை, வாசனைத் தொழிலின் சர்வதேசச் சங்கமான இஃப்ராவின் விதிகள் வெகுவாகக் குறைத்துவிட்டன. மேலே சொன்ன முகே மணத்துக்குப் பயன்பட்ட லிலியாலை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சிலிருந்து அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது. பெயரும் பாட்டிலும் அதேதான், உள்ளே மட்டும் வேறு. பழைய கலவைகளை அப்படியே முகர வேண்டுமென்றால் அதற்கென்று பிரான்சில் வெர்சாயில் ஒஸ்மோதெக் என்று ஒரு காப்பகம் இருக்கிறது, 1990-லிருந்து. அங்கே வாசனைகளை இருட்டில், 12 டிகிரியில், ஆர்கான் வாயுவுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள்.

அந்த மூன்றையும் படித்தபோது எனக்கு என் ஜன்னல் ஓரம் ஞாபகம் வந்தது. அழகாக இருக்கிறதே என்று பாட்டிலை வெயில் விழுகிற ஜன்னல் பலகையில் வைத்திருந்தேன். ஒரு கோடை தாண்டியதும் தண்ணீர் நிறத்தில் இருந்தது தேன் நிறமாகிவிட்டது. மேலே அடிக்கிற பழத்தோல் மணம் போய், நகப்பூச்சு அழிக்கிற திரவம் மாதிரி ஒரு வாடை முதல் நிமிடத்தில் வர ஆரம்பித்தது. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும்தான் எதிரி. குளியலறை அலமாரியும் ஆகாது, தினமும் சூடேறி ஆறும். நான் இப்போது வைப்பது பீரோவில், அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே. ஆர்கானெல்லாம் நமக்கு வேண்டாம்.

போட்டுக்கொள்வதைப் பற்றி. ஒன்பதிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறேன். கனமான அகில், வனிலா, அம்ப்ராக்ஸான் வகையறா என்றால் ஒன்று அல்லது இரண்டு; பழத்தோலும் பச்சையுமாக லேசானது என்றால் நான்குகூடத் தாங்கும். கழுத்தின் முன்பக்கம் அடிப்பதை விட்டுவிட்டேன். பிடரியில் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று. மூக்கிலிருந்து தள்ளி இருப்பதால் என் மூக்கு சீக்கிரம் சலிப்பதில்லை, நடக்கும்போது, கையை மடக்கும்போது எப்போதாவது ஒரு வீச்சு வந்து போகிறது. அந்த எப்போதாவதில்தான் சுகமே. குளித்துத் துவட்டியதும் வாசனையில்லாத லோஷன் கொஞ்சம் தடவி அதன்மேல் அடித்தால், வறண்ட தோலில் நிற்பதைவிடக் கூடுதல் நேரம் நிற்கிறது.

மணிக்கட்டில் அடித்து இரண்டையும் சேர்த்துத் தேய்ப்பது ஒரு பழக்கம். தேய்த்தால் மூலக்கூறு உடைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அப்படியெல்லாம் உடையாது. தேய்க்கிற சூட்டில் மேலடுக்கு கொஞ்சம் சீக்கிரம் பறக்கும், அவ்வளவுதான். தேய்க்காவிட்டால் நல்லது, தேய்த்துவிட்டால் குடி முழுகாது. அதைவிட முக்கியம், அடித்த கையோடு சட்டையைப் போடாமல் ஆல்கஹால் காய ஒரு நிமிடம் விடுவது.

துணியில் அடித்தால் தோலைவிட நீண்ட நேரம் நிற்கும். ஆனால் தோலின் சூடு இல்லாததால் அடுக்கடுக்காக விரிவது குறையும். பட்டிலும் வெள்ளையிலும் கறை விழும். உள்பக்க மடிப்பில் ஒரு அழுத்தல் அடித்து ஒரு நாள் விட்டுப் பார்க்காமல் மேலே அடிக்காதீர்கள். கம்பளித்துணி என்றால் மூன்று நாளைக்குப் போகாது, நாளைக்கு வேறு வாசனை போட நினைத்தாலும் நேற்றையது கூடவே வரும்.

தோலுக்கும் ஒரு எச்சரிக்கை. லினலூல், லிமோனின் என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இவை காற்றுப்பட்டுப் பழசாகும்போது சிலருக்கு ஒவ்வாமை தருகிற பொருள்களாக மாறும். வருஷக்கணக்கில் பாதி காலியாகக் கிடந்த பாட்டிலை எடுத்துக் கழுத்தில் அடிப்பதற்கு முன் கையில் ஒரு இடத்தில் அடித்து ஒரு நாள் பொறுங்கள். பதப்படுத்தாத பெர்கமாட் எண்ணெயில் வெயில் பட்டால் தோலைக் கருக்கிவிடுகிற பொருள் ஒன்று உண்டு. பெரிய நிறுவனங்கள் அதை நீக்கித்தான் பயன்படுத்துகின்றன. வீட்டில் கலந்து செய்கிறவர்களிடம் வாங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எங்கே போடக் கூடாது? ஆஸ்பத்திரிக்கு, யாரைப் பார்க்கப் போனாலும். விமானத்தில், நேர்காணலுக்கு, மூடிய அறையில் நாள் முழுக்க உட்காருகிற கூட்டத்துக்கு நான் இப்போது ஒன்றும் போடுவதில்லை. ஒத்தைத் தலைவலிக்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் தங்களை அறிவித்துக்கொண்டு வருவதில்லை. எனக்கு ஒருவர் வாய் திறந்து சொன்னார், அதுவே என் அதிர்ஷ்டம். மறுநாள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். ஒரு வாரம் கழித்து, ஒரு அழுத்தல் மட்டும் பிடரியில் அடித்துக்கொண்டு போன நாளில், நானே கேட்டேன், இப்போது எப்படி என்று. "இன்னிக்குப் போட்டிருக்கீங்களா?" என்றார். அந்த எதிர்க்கேள்வி எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆண்களுக்கு, பெண்களுக்கு என்று பிரித்து அடுக்கியிருப்பதை மதிக்க வேண்டிய அவசியம் இல்லை. அது அலமாரியின் பிரிவினை. என்னிடம் இப்போது இருப்பதில் எனக்கு மிகப் பிடித்தது பெண்கள் பக்கத்து அலமாரியிலிருந்து வந்த ரோஜா, மிளகும் பச்சோலியுமாக. அதன் கடைசி அடுக்கு எனக்கு நன்றாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் வாங்கினேன். என் மூக்குக்கு எட்டாத கஸ்தூரி எதுவாக இருந்தாலும், வாங்குவதற்கு முன் ஏழு மணி நேரம் கழித்து அந்தக் காகிதப் பட்டையை முகர்ந்து பார்ப்பது இப்போது வீட்டில் ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. எனக்குக் காகிதமாகவும் அவளுக்கு வாசனையாகவும் இருந்தால் அது அவளுக்கு வாங்க வேண்டியது.

யாருக்காவது பரிசாகக் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அவர் ஏற்கெனவே போடுவது என்ன என்று தெரிந்தால் அதையே கொடுங்கள். தெரியாவிட்டால் வேறு ஏதாவது கொடுங்கள்.

அந்தப் பழைய பாட்டில் என்ன ஆயிற்று? பாதிக்கு மேல் இன்னும் இருக்கிறது. ஜன்னல் வெயிலுக்குப் பிறகு முதல் நிமிடம் மட்டும் கொஞ்சம் இடறும், அப்புறம் சரியாகிவிடும் என்கிறாள். விற்றுவிடலாம் என்று ஒருமுறை எடுத்து வைத்தபோது, "இருக்கட்டும், எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். "நீயே போட்டுக்கோ" என்றேன். "நான் போட்டா எனக்கு எப்படித் தெரியும்? நீங்க போடுங்க" என்றாள்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போடுகிறேன். பிடரியில் ஒன்று, முழங்கையில் ஒன்று. அரை மணி நேரத்தில் எனக்கு எல்லாம் போய்விடும். சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்காரும்போது "இன்னும் இருக்கா?" என்று கேட்பேன்.

"இருக்கு" என்பாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.